மருதாணி வேலியில் செங்காந்தள்

எங்கள் கொல்லையில் ஐப்பசி மாதம் பூக்கிற செடிகள் குறைவு. மல்லிகை அதற்கு வெகு முன்பே ஓய்ந்திருக்கும். செம்பருத்தி அடைமழைக்கு மொட்டோடு உதிரும். தோட்டம் முழுக்கச் சேறும் பச்சையுமாகக் கிடக்கிற அந்த நாட்களில்தான் மேற்கு வேலியில் செங்காந்தள் பூக்கத் தொடங்கும். கார்த்திகை தீபம் ஏற்றி முடித்த பிறகும் கொடியின் நுனியில் சில பூக்கள் மிச்சமிருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் வீட்டில் வைத்து வளர்ப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

வைத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ஒரு வருஷம் நல்லாப் பூத்துச்சு, அப்புறம் வரவே இல்ல." விசாரித்தால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும். கொடி காய்ந்த பிறகும் பாவப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். அல்லது மழையில் கிழங்கைச் சுற்றித் தண்ணீர் நின்றிருக்கும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். செங்காந்தளுக்கும் அதேதான், ஆனால் வருடக் கணக்கில்: ஆடியிலிருந்து கார்த்திகை வரை ஈரம், தை பிறந்தால் வைகாசி வரை காய்ச்சல். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இதைவிடச் சொன்னபடி கேட்கிற செடி கிடையாது.

நான் இருப்பது காவிரியின் கடைமடைப் பக்கம். மண் நல்ல களிமண். ஈரத்தைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். செங்காந்தள் விவசாயம் நடக்கிற ஊர்களின் மண் இப்படி இல்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண். வேதாரண்யம் பக்கம் மணல். இரண்டிலும் தண்ணீர் இறங்கிப் போய்விடும், ஆனால் அடியில் குளிர்ச்சி இருக்கும். அந்த மாதிரி இடத்தைக் களிமண்ணில் உண்டாக்கத்தான் மெனக்கெட வேண்டும்.

நான் செய்தது மேட்டுப்பாத்தி. வேலியை ஒட்டி ஒரு முழம் உயரத்துக்கு மண்ணை அணைத்து, அதில் பாதிக்குப் பாதி செம்மண்ணும் மணலும் கலந்து, நன்றாக மக்கிய மாட்டெரு போட்டேன். எரு பச்சையாக இருக்கக் கூடாது, கிழங்கு வெந்துவிடும். எருவோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொஞ்ச நாள் நிழலில் வைத்திருந்து பிறகு மண்ணில் சேர்ப்பேன். கிழங்கு அழுகல் நோய்க்கு முன்னெச்சரிக்கை அது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், மேலே இலை மஞ்சளாகிறபோது கீழே கிழங்கு கூழாகியிருக்கும். பாத்திக்கு அந்தப் பக்கம் சின்ன வாய்க்கால் ஒன்று வாழைக்குப் போகிறது. மழைத்தண்ணீர் பாத்தியில் நிற்காமல் அதில் வடிந்துவிடும்.

இனி வேலி. செங்காந்தள் கொடிதான் என்றாலும் அதன் தண்டு எதையும் சுற்றாது. இலையின் நுனி நீண்டு, சுருண்டு, அதுதான் பிடித்துக்கொள்ளும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பற்றுக்கம்பி பாடம் எடுக்கும்போது, பட்டாணியில் சிற்றிலை, செங்காந்தளில் இலைநுனி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு வருடக் கணக்காக ஒப்பித்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு கொடியின் நுனியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வகுப்புக்கு எடுத்துப் போகிறேன், குப்பியைத் திறக்காமல் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சுருளைப் பார்த்த பிள்ளை தேர்வில் அதை மறப்பதில்லை.

இலைநுனி பிடிப்பதால், தடித்த மூங்கிலோ பி.வி.சி. குழாயோ நட்டால் பயன் இல்லை. பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கொடி சரிந்து விழும். தென்னை ஈர்க்கு, மெல்லிய கம்பி, சுள்ளி, மற்றச் செடிகளின் குச்சி, இவைதான் அதன் அளவு. மூலனூர்ப் பக்கம் தோட்டங்களில் முள்கிளுவையை வரிசையாக நட்டு அதன்மேல் ஏற்றுகிறார்கள், கம்பிப் பந்தலும் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் மருதாணி வேலி இருந்தது. மெல்லிசுக் குச்சி, அடர்த்தியான கிளை, இடுப்புக்கு மேலே உயரம். அடியில் நிழல், தலையில் வெயில். காட்டுப்புதர்களில் செங்காந்தள் தானாக முளைக்கிற இடம் இப்படித்தான் இருக்கும். மருதாணியின் வேர் மழைக்காலத்தில் மிகுதியான ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். வேலிக்கு வெளியே திறந்த பாத்தியில் வைத்த கிழங்குகளைவிட வேலி அடியில் வைத்தவை எப்போதும் கெட்டியாக இருக்கின்றன.

இதில் ஒரு குடும்பச் சிக்கலும் உண்டு. தீபாவளிக்கு அத்தை மருதாணி அரைப்பார். தீபாவளி வருகிற ஐப்பசியில்தான் கொடி வேலி முழுக்கப் படர்ந்திருக்கும்.

"ஒரு கொடிக்காகப் பண்டிகைக்கு மருதாணி இல்லையா?" என்றார் அத்தை.

"இருக்கு அத்தை, தெக்கால பக்கம் முழுக்க உங்களுக்குத்தான். இந்தப் பக்கம் மட்டும் கை வெக்காதீங்க."

கொடி பாழாகிவிடும் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. செங்காந்தளின் கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. மருதாணி இலையோடு நாலு காந்தள் இலை கலந்து அரைபட்டு, அந்தக் கையால் பிள்ளைகளுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தால் என்னாவது? அத்தைக்கு அது உடனே புரிந்தது. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களை அந்தப் பக்கம் விடாமல் காவல் காப்பது அவர்தான்.

இந்த நஞ்சைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இதில் இருப்பது கோல்ச்சிசின். கிழங்கிலும் விதையிலும் அதிகம். 'கௌட்' என்கிற கீல்வாத நோய்க்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கிற மருந்தும் அதுதான். தசைப்பிடிப்புக்குத் தருகிற தயோகோல்ச்சிகோசைடு என்ற மருந்தையும் செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கிற மூலப்பொருளைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். விவசாயிகள் இதைப் பயிரிடுவதே அந்த விதைக்காகத்தான். ஆனால் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இலங்கை மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சந்தேகம் என்றாலே, செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் கொஞ்ச வருடம் பொறுத்து வையுங்கள். ஆடு மாடு மேய்கிற இடத்திலும், சேம்பு, கருணை, சர்க்கரைவள்ளி போட்ட பாத்திக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுகிறேன். எடுத்து வைத்த கிழங்கை அடுப்படிப் பக்கமே கொண்டுவருவதில்லை. மேல்மாடி அலமாரியில், பூட்டுக்குள், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய டப்பாவில் இருக்கும். பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அரளியும் ஊமத்தையும் நம் வீடுகளில் இருக்கத்தானே செய்கின்றன? தெரிந்து வைத்திருந்தால் சேர்ந்து வாழலாம்.

நடவுக்கு வருவோம். ஆனிக் கடைசியில் மருதாணியை ஒருமுறை கவாத்து செய்துவிடுவேன். ஆடி முதல் மழைக்குக் கிழங்கு உள்ளே போய்விட வேண்டும். கிழங்கு கலப்பையின் வடிவில் இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. அந்த முளையில்தான் எல்லாம் இருக்கிறது. அது உடைந்தால் அந்தக் கை அநேகமாக முளைப்பதே இல்லை. ஆகவே கிழங்கு வாங்கும்போது எடையைவிட முளையைத்தான் முதலில் பார்ப்பேன். எடையும் முக்கியம்தான், 50 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் அந்த வருடமே பூக்கும். பொடிக் கிழங்கு இலையை மட்டும் காட்டிவிட்டு, அடுத்த வருடத்துக்காகச் சேர்த்துக்கொண்டு படுத்துவிடும்.

மூன்று நான்கு அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கை வசமாக வைத்து, மண்ணைத் தூவி மூட வேண்டும். மிதிக்கக் கூடாது. கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளி. மேலே காய்ந்த வாழைச்சருகு. நட்ட அன்று ஒரு தண்ணீர், அதற்குப் பிறகு விரலை விட்டுப் பார்த்து ஈரம் குறைந்திருந்தால் மட்டும். முளை வருவதற்குச் சில வாரம் ஆகும், சிலது இன்னும் சோம்பும். அந்த நேரத்தில் தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

முளைத்து வந்த பிறகு ஓட்டம்தான். தண்டு ஒரே ஈட்டியாகக் கிளம்பும், தொட்டால் ஒடிகிற மென்மை. முதல் சில இலைகளில் சுருள் இருக்காது. முழங்கால் உயரம் தாண்டிய பிறகுதான் நுனிகள் சுருளத் தொடங்கும். அதுவரை காற்றில் ஒடியாமல் இருக்கப் பக்கத்தில் ஈர்க்கு குத்தித் துணைக்கு நிறுத்துவேன். ஒருமுறை மருதாணிக் குச்சியைப் பிடித்துவிட்டால் பிறகு நமக்கு அங்கே வேலை இல்லை.

புழு மட்டும் வரும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, ஆங்காங்கே செம்மஞ்சள். இந்த வகைச் செடிகளையும் லில்லிகளையும் தேடி வந்து தின்கிற புழு அது. மற்ற பூச்சிகள் அண்டாத நஞ்சு இதற்கு ஒன்றும் செய்வதில்லை. குஞ்சாக இருக்கையில் இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போதே அந்த இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் காலையில் தண்டு மட்டும்தான் நிற்கும். ஆவணி, புரட்டாசியில் பள்ளிக்குக் கிளம்புமுன் வேலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். மருந்து அடித்ததில்லை. அந்த வேலியில் தேன்சிட்டு வருகிறது, பட்டாம்பூச்சி வருகிறது, அவற்றுக்காகவும்தானே செடி வைக்கிறோம்.

புரட்டாசி கடைசியில் மொட்டு தெரியும். பச்சை மொட்டு, தலை தாழ்த்தித் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்துகொள்ளும், ஓரம் நெளிநெளியாக. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் இதழில் பச்சை கலந்த மஞ்சள்தான் அதிகம். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். மஞ்சள் அடியில் ஒதுங்கி, ஓரத்தில் மட்டும் கோடாக நின்று, கடைசியில் அதுவும் போய் முழுச் சிவப்பாகும். ஏறக்குறைய ஒரு வாரம் ஒரு பூ இருக்கும். ஒரே கொடியில் மேலே பச்சை மொட்டு, நடுவில் மஞ்சளும் சிவப்பும், கீழே முழுச் சிவப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருப்பதைப் பார்க்கிறபோது, சங்கப் புலவர்கள் ஏன் இந்தப் பூவைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள் என்று கேட்கத் தோன்றாது. பூ தலைகீழாகத் தொங்குவதால் அடைமழையிலும் உள்ளே தண்ணீர் நிற்பதில்லை. இரவு முழுக்கப் பெய்து செம்பருத்தியெல்லாம் துவண்டு கிடக்கும் காலையில் இது அப்படியே இருக்கும்.

அந்தப் பூவில் எனக்குப் பிடித்த இடம் சூல்தண்டு. அது சூலகத்திலிருந்து கிளம்புகிற இடத்திலேயே செங்குத்தாக மடிந்து, ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும், தன் மகரந்தத்திலிருந்தே விலகிப்போக விரும்புவதைப் போல. வேறு பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. அதனால்தான் விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் காலை நேரத்தில் தோட்டத்தில் இறங்கி, பூப்பூவாகக் கையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பூக்கும் காலம் மழைக்காலமாகவும் இருப்பதால், மழை விடாமல் பெய்கிற வருடத்தில் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். ஒரு கிலோ விதைக்குப் பின்னால் எத்தனை பேருடைய காலைப்பொழுது இருக்கிறது என்று வேதாரண்யத்தில் ஒரு தோட்டத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வேலையைச் செய்கிற பெண்கள் பேசிக்கொண்டே, நிமிராமல், வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டில் நான் காயை விடுவதில்லை. பூ வாடியதும் கிள்ளிவிடுவேன். காய்க்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகட்டும். காய் முற்றி வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று விதை தெரியும், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுப் பார்க்கத் தூண்டும் நிறம் அது. விதையிலிருந்து செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பொறுமைக்குத் தயாராக இருக்க வேண்டும். விதை மாதக்கணக்கில் உறங்கும், முளைத்தாலும் பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும்.

ஆகையால் கிழங்குதான் வழி. ஆனால் காட்டிலிருந்தும் ஆற்றங்கரைப் புதரிலிருந்தும் தோண்டி வராதீர்கள், தோண்டி விற்கிறவரிடமும் வாங்காதீர்கள். மருந்துக்காகத் தோண்டியே பல இடங்களில் இது அரிதாகிவிட்டது. ஒரு கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் பல வருடத்து உழைப்பு போகிறது. பயிரிடுகிற விவசாயியிடம் கேட்டால் கிழங்கு கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கொடுக்கலாம், தகும்.

மார்கழியில் இலை நுனியிலிருந்து மஞ்சளாகி வரும். இங்கேதான் பலருக்கும் கை பரபரக்கும். உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா, வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். எதுவும் வேண்டாம். அந்த வருடம் நட்ட கிழங்கு இதற்குள் சுருங்கிச் சக்கையாகியிருக்கும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு திரண்டுகொண்டிருக்கும். இலையில் மிச்சமிருக்கிற பச்சை அதற்குத்தான் போகிறது. தண்டு தானாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிறவரை விட்டுவிட வேண்டும். தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கொடி இருந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மறந்துபோய் மண்வெட்டியால் கொத்திவிடுவோம்.

தையிலிருந்து அந்தப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடக்கும். "சும்மாதானே கெடக்கு, வெண்டை போட்டா ஆகாதா?" என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறார். வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றினால் உறங்குகிற கிழங்கு அழுகும். கோடைமழை ஒன்றிரண்டு பெய்வதை மேட்டுப்பாத்தி தாங்கிக்கொள்ளும், தினசரி வாளித் தண்ணீரைத் தாங்காது. சருகைப் போட்டு மூடிவைத்து, ஆடி வரை அந்தப் பக்கம் குழாயைத் திருப்புவதில்லை.

மண் வடிகிற இடமாக இருந்தால் கிழங்கை எடுக்காமலே விடலாம், வருடா வருடம் தானாக வரும். என் களிமண்ணில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாசியில் எடுத்துப் பார்க்கிறேன். கடப்பாரை வேண்டாம், பக்கவாட்டில் முள்கரண்டியால் மண்ணைத் தளர்த்திக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும், கிழங்கு நாம் வைத்த ஆழத்தைவிடக் கீழே போயிருக்கும். கெட்டியானவற்றைப் பொறுக்கி, இரண்டு கையும் நன்றாக இருந்தால் நடுக்கணுவில் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி நிழலில் உலர்த்துவேன். காய்ந்த மணலுக்குள் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி வைத்தால் ஆடி வரை இருக்கும். மென்மையாக அமுங்குகிறவற்றைப் பாத்திக்குத் திருப்பாமல் எட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடுவேன். பிரித்ததில் மிஞ்சுகிற கிழங்குகளைக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், முளையைப் பஞ்சில் சுற்றி, நஞ்சு என்று எழுதி ஒட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்ற வரியையும் சேர்த்து.